ஷார்ப்: ஒரு பெயரடையும் ஐந்து புலன்களும்

“ஷார்ப்பா பத்து மணிக்கு வந்துடு” என்று சொல்ல ஒருவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பையன் கணக்கில் ஷார்ப், கத்தி ஷார்ப், டிவியில் படம் ஷார்ப் என்று அந்தச் சொல் தமிழ்ப் பேச்சில் குடியேறிப் பல காலம் ஆகிவிட்டது. பிறந்த மொழியில் அது செய்யும் வேலை இதைவிடப் பெரிது. அமெரிக்கக் கடையில் செடார் சீஸ் உறையில் ‘ஷார்ப்’ என்று அச்சிட்டிருக்கும். வினிகரின் வாடை ஷார்ப். விசிலின் ஒலி ஷார்ப். பல்வலி ஷார்ப். பருந்தின் கண் ஷார்ப், அது பார்க்கும் காட்சியும் ஷார்ப். விளிம்பையும் முனையையும் தொட்டுப் பார்த்துச் சொல்ல உண்டான ஒரு பெயரடை, நாக்குக்கும் மூக்குக்கும் காதுக்கும் கண்ணுக்கும் எப்படிப் பொருந்தியது?

மொழியியலும் உடலியலும் உளவியலும் இந்தக் கேள்வியைத் தனித்தனியே எடுத்துப் பேசியிருக்கின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பவர் குறைவு. அப்படிப் பார்த்தால், வெறும் உருவகம் என்று இலக்கண நூல்கள் ஒதுக்கிய பல பயன்பாடுகள் நரம்பில் வேர் கொண்டவை என்பது தெரிகிறது.

முதலில் எதிர்ச்சொற்களைப் பார்க்கலாம். ஷார்ப்பான கத்திக்கு எதிர் பிளன்ட், அதாவது மழுங்கியது. ஷார்ப்பான வலிக்கு எதிர் டல். ஷார்ப்பான சுருதிக்கு எதிர் ஃபிளாட். ஷார்ப்பான படத்துக்கு எதிர் பிளர், மங்கல். ஷார்ப்பான சீஸுக்கு எதிர் மைல்ட். ஷார்ப்பான வளைவுக்கு எதிர் ஜென்டில். ஒரே சொல்லுக்கு ஆறு எதிரிகள் என்றால், அது ஒரு சொல்லா, ஒரே எழுத்துக்கூட்டில் ஒளிந்திருக்கும் ஆறு சொற்களா?

இந்தச் சோதனையை முதலில் நடத்தியவர்களில் ஒருவர் அரிஸ்டாட்டில். ‘டாபிக்ஸ்’ என்ற நூலில், ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டா என்று கண்டுபிடிக்கும் வழிகளை அடுக்கும்போது அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டே இந்தச் சொல்லின் கிரேக்க இணைதான்: ஒக்ஸுஸ். ஒலியில் அதற்கு எதிர் கனமானது. திடப்பொருளில் அதற்கு எதிர் மழுங்கியது. எனவே பொருள்கள் வேறு என்று அங்கே முடிவு கட்டுகிறார். ஆன்மாவைப் பற்றிய நூலில் அவரே இன்னொரு கோணத்தில் பேசுகிறார். ஒலிக்குச் சொல்லும் கூர்மையும் கனமும் தொடுபுலனிலிருந்து எடுத்தவை என்கிறார். கூரிய ஒலி குறைந்த நேரத்தில் புலனை மிகுதியாக அசைக்கிறது, கனத்த ஒலி நீண்ட நேரத்தில் குறைவாக அசைக்கிறது என்று அதற்கு விளக்கமும் தருகிறார். குறைந்த நேரம், மிகுந்த அசைவு என்ற அந்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் ஏதோ ஒரு வழியில் அங்கேதான் வந்து சேர்கின்றன.

சொல்லின் குடும்ப வரலாறும் இதற்கு உதவும். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஷ்யார்ப்’ என்பதுபோல ஒலித்தது. ஜெர்மனில் ஷார்ஃப், டச்சில் ஸ்கெர்ப், ஸ்வீடிஷில் ஸ்கார்ப். எல்லாவற்றுக்கும் பின்னால் வெட்டுதல் என்ற பொருள் கொண்ட இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றை அறிஞர்கள் வைக்கிறார்கள். வெட்டிக் குறைத்தது என்ற பொருளில் ஷார்ட்டும், குட்டையான உடை என்ற பொருளில் ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் அதே வேரில் கிளைத்தவை. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் வாளின் விளிம்புக்கும், அறிவுக்கும், பார்வைக்கும், நாக்கைக் கடிக்கும் சுவைக்கும் சேர்ந்தே வழங்கியது. முதலில் கத்தி, பிறகு நாக்கு, கடைசியில் மூளை என்று படிப்படியாக ஏறியதற்கு ஆங்கில ஏடுகளில் சான்று இல்லை. கிடைக்கும் மிகப் பழைய ஏடுகளிலேயே சொல் பல புலன்களில் பரவி நிற்கிறது.

கிரேக்கமும் லத்தீனும் இதே கதையைச் சொல்கின்றன. ஒக்ஸுஸ் கூர்மைக்கும் புளிப்புக்கும் உச்ச ஒலிக்கும் ஒரே சொல். பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே 18ஆம் நூற்றாண்டில் ஒரு வாயுவுக்குப் பெயர் வைத்தபோது, எல்லா அமிலங்களிலும் அது இருக்கிறது என்று நம்பி ‘புளிப்பை உண்டாக்குவது’ என்ற பொருளில் ஆக்சிஜன் என்றார். அந்த நம்பிக்கை பொய்த்தது, பெயர் நிலைத்தது. லத்தீனில் ஊசி, படை வரிசையின் முனை, கண்ணின் கூர்மை, வினிகர் ஆகிய நான்கும் ‘அக்’ என்ற ஒரே அடியிலிருந்து வருகின்றன. ஆங்கிலத்தின் ஆசிட், அக்யூட், அக்யூமன் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். வினிகர் என்ற சொல்லே பழைய பிரெஞ்சில் ‘கூரேறிய ஒயின்’. குத்துதல் என்ற பொருள் கொண்ட மற்றொரு லத்தீன் வினையிலிருந்து பஞ்ஜென்ட், பாய்னன்ட் என்ற இரண்டு ஆங்கிலப் பெயரடைகள் பிறந்தன. முதலாவது இன்று நெடிக்கும் காரத்துக்கும் போகிறது, இரண்டாவது நெஞ்சைத் தைக்கும் துயரத்துக்குப் போகிறது. அந்த இரண்டாவதும் இடைக்கால ஆங்கிலத்தில் குழம்பின் சுவையைச் சொல்லப் பயன்பட்டதுதான்.

இத்தகைய சொற்கள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று 20ஆம் நூற்றாண்டில் முறையாக எண்ணிப் பார்த்தவர் ஸ்டீபன் உல்மன். ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய மொழியியலாளர். பைரன், கீட்ஸ் முதலான 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களின் புலன்மாற்றத் தொடர்களைத் திரட்டினார். தொடுபுலனிலிருந்தே சொற்கள் அதிகம் புறப்படுகின்றன, செவிப்புலனிலேயே அதிகம் வந்து சேர்கின்றன என்று 1957இல் வெளியான தம் நூலில் காட்டினார். 1976இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜோசப் வில்லியம்ஸ் கவிதையை விட்டு அகராதிக்கு வந்தார். ஆங்கிலப் புலன் பெயரடைகளின் பொருள் வரலாற்றைத் தொகுத்து ஒரு ‘சாத்தியமான விதி’ என்று அறிவித்தார். தொடுதலுக்கு உரிய சொல் சுவைக்கோ நிறத்துக்கோ ஒலிக்கோ போகலாம். சுவைக்கு உரியது மணத்துக்கும் ஒலிக்கும் போகலாம். நிறமும் ஒலியும் தமக்குள் பரிமாறிக்கொள்ளலாம். மணத்துக்கே உரிய சொல் வேறெங்கும் போவதில்லை. ஷார்ப் இந்த வரைபடத்துக்கு ஏறத்தாழ முழுமையான சாட்சி. தொடங்கிய இடத்திலிருந்து திறந்திருந்த எல்லாக் கதவுகளிலும் நுழைந்திருக்கிறது.

விதி என்ற பெயரை மட்டும் ஏற்க முடியாது. வில்லியம்ஸே விதிவிலக்குகளைப் பதிவு செய்திருக்கிறார். பிர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் போடோ வின்டர் 2019இல் எழுதிய ‘சென்சரி லிங்குவிஸ்டிக்ஸ்’ நூலில் கேள்வியையே மாற்றிக் கேட்கிறார். புலன்கள் ஏணிப்படிகள் போல மேல் கீழாக அடுக்கப்பட்டவை என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. ஒரு புலனுக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு புழங்குகின்றன, எவ்வளவு உணர்ச்சி ஏறியவை, ஒலியிலேயே பொருளைக் காட்டுபவையா என்று பல காரணங்கள் சேர்ந்து இந்தத் திசையை உண்டாக்குகின்றன என்கிறார். ஒற்றைக் காரணத்தைத் தேடிய பழைய ஆய்வுகளைவிட இது உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனாலும் ஷார்ப் என்ற சொல்லைப் பொறுத்தவரை, கணக்குகளுக்கு அப்பால் இன்னும் எளிய விடை ஒன்று உடலுக்குள்ளேயே இருக்கிறது.

மூக்கை எடுத்துக்கொள்வோம். மல்லிகையின் மணத்தை எந்த ஆங்கிலேயரும் ஷார்ப் என்று சொல்லமாட்டார். அமோனியா, வினிகர், கடுகெண்ணெய், வெட்டிய வெங்காயம் ஆகியவற்றுக்குத்தான் சொல்வார். இந்தப் பட்டியல் தற்செயலாக அமைந்ததில்லை. மணத்தை அறியும் நரம்பு வேறு. முகத்தின் தொடுதலையும் வலியையும் சூட்டையும் அறியும் முக்கிளை நரம்பு வேறு. அந்த ஐந்தாம் மூளை நரம்பின் நுனிகள் மூக்கின் உட்சவ்விலும் கண்ணிலும் வாயிலும் பரவியிருக்கின்றன. அமோனியா முதன்மையாகத் தாக்குவது அவற்றை. மயங்கி விழுந்தவரின் மூக்கருகே பிடித்து எழுப்பும் உப்பு வேலை செய்வது அப்படித்தான். மோப்ப உணர்வை முற்றிலும் இழந்தவர்கள்கூட அமோனியாவை உணர்வார்கள், ரோஜாவை உணரமாட்டார்கள். கரியமில வாயு இன்னும் தெளிவான சான்று. அதற்கு மணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சோடா குடித்து ஏப்பம் மூக்கில் ஏறும்போது குத்துகிறதே, அந்தக் குத்து முழுக்க முழுக்க தொடுபுலன் நரம்பின் செய்தி.

ஆக, வினிகரின் வாடை ஷார்ப் என்று சொல்லும் ஆங்கிலேயர் உருவகம் எதையும் படைக்கவில்லை. முனை குத்தினால் வலியைச் சொல்லும் நரம்புக் குடும்பமே அங்கேயும் செய்தி அனுப்புகிறது. அவர் சொல்வது ஏறத்தாழ நேர்ப்பொருள்.

நாக்கிலும் இதே நிலைதான். மிளகாயின் காரம் ஒரு சுவை அல்ல என்று பள்ளிப் பாடநூல்கள்கூட இப்போது சொல்கின்றன. 1997இல் கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர், மிளகாயின் கேப்சைசினுக்கு வினைபுரியும் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். இன்று டிஆர்பிவி1 என்று அழைக்கப்படும் அது சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டுக்கும் திறக்கும் அதே வாசல். காரத்தை ஆங்கிலம் ‘ஹாட்’ என்று சொல்வது அதனால் உடலியல் கணக்கில் சரிதான். புதினாவின் மென்தாலுக்கும் குளிருக்கும் பொதுவான ஏற்பி 2002இல் தெரியவந்தது. கடுகு, வசாபி, பச்சைப் பூண்டு ஆகியவற்றின் குத்தலுக்கு டிஆர்பிஏ1 என்ற வேறொரு ஏற்பி. ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூஷியனும் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பரிசுக்குச் சொல்லப்பட்ட காரணம் வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளின் கண்டுபிடிப்பு. காரத்தைச் சொல்ல ஜெர்மானியர்கள் சூடு என்ற சொல்லை விட்டு ஷார்ஃப் என்பதையே பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்துக்குச் சூடாகத் தெரிந்தது ஜெர்மனுக்கு விளிம்பாகத் தெரிந்தது. வலியை அறியும் ஒரே நரம்பு வழியின் இரண்டு முகங்களை இரண்டு மொழிகள் பிடித்திருக்கின்றன.

தமிழ் இங்கே வேறொரு வழியில் போனது. மணம், வாசனை, நாற்றம் என்பவற்றோடு ‘நெடி’ என்று தனிச்சொல் ஒன்றை வைத்துக்கொண்டது. வறமிளகாய் வறுக்கும் நெடி, புகையின் நெடி, அமோனியா நெடி என்போம். மல்லிகை நெடி என்று யாரும் சொல்வதில்லை, அளவுக்கு மீறிய அத்தரைச் சலிப்போடு சொன்னால் ஒழிய. மூக்கைக் குத்துபவற்றை மணங்களிலிருந்து பிரித்து வைக்கும் இந்தப் பாகுபாடு, நரம்பியல் பின்னால் வந்து போட்ட கோட்டுக்கு வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமாக ஓடுகிறது. சுவையிலும் காரம், கார்ப்பு, உறைப்பு என்று சொந்தச் சொற்கள் இருந்ததால் கத்தியிடம் கடன் வாங்கத் தேவைப்படவில்லை.

செடார் சீஸ் விஷயம் சிறியது. பதப்படுத்திய சில மாதங்களில் விற்பது மைல்ட், ஏறத்தாழ ஓராண்டு முதிர்ந்தது ஷார்ப், அதற்கும் மேலே எக்ஸ்ட்ரா ஷார்ப். முதிரும்போது பால் புரதம் சிதைந்து சிறு துண்டுகளாகிறது, நாக்கில் கடிக்கும் சுவை கூடுகிறது. பிரிட்டனில் இதையே மெச்சூர் என்பார்கள். எத்தனை மாதம் முதிர்ந்தால் ஷார்ப் என்பது ஆலைக்கு ஆலை மாறும்.

காதுக்கு வந்தால் இரண்டு ஷார்ப்கள் குறுக்கிடுகின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்பவர் அதிகம். முதலாவது இசைக்கலைஞரின் ஷார்ப். ஒரு சுரத்தை அரைச்சுரம் உயர்த்துவது, அல்லது பாடகர் தம்மை அறியாமல் சுருதிக்குச் சற்று மேலே போவது. நம்மூர் வித்வான்கள் சுருதி ஏறிவிட்டது என்று சொல்வது இந்த இரண்டாவது நிலையை. மைக்ரோசாஃப்ட் 2000இல் ஒரு கணினி மொழிக்கு சி ஷார்ப் என்று பெயரிட்டபோது, சி என்ற சுரத்துக்கு அரைச்சுரம் மேலே என்ற இசைக்குறிப்பையே பெயராக எடுத்துக்கொண்டது. இந்த ஷார்ப்பில் காதுக்கு எந்தக் குத்தலும் கிடையாது. உயரம் ஒன்றுதான் பொருள்.

இரண்டாவது ஷார்ப் ஒலியின் தன்மையைச் சொல்வது. ஒரே சுரத்தைப் புல்லாங்குழலும் எக்காளமும் வாசித்தால் எக்காளத்தின் ஒலி ஷார்ப். கண்ணாடியில் ஆணி கீறும் ஒலி மிகவும் ஷார்ப். இதை அளக்க ஓர் அலகே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. உரப்புக்கு சோன், சுருதிக்கு மெல் இருப்பதுபோல, ஒலியின் கூர்மைக்கு அக்கும். கூர்மையைக் குறிக்கும் அந்தப் பழைய லத்தீன் அடியிலிருந்தே இந்தப் பெயரையும் உருவாக்கினார்கள். 1,000 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட, 60 டெசிபல் அளவுள்ள குறுகிய அலைவரிசை இரைச்சலின் கூர்மை ஒரு அக்கும். ஜெர்மனியில் ஃபான் பிஸ்மார்க் 1974இல் வெளியிட்ட ஆய்வும், எபர்ஹார்ட் ஸ்விக்கர், ஹூகோ ஃபாஸ்டல் ஆகியோரின் பணியும் இதற்கு அடித்தளம். ஒலியின் ஆற்றல் உயர் அதிர்வெண்களில் குவியக் குவிய அக்கும் ஏறுகிறது. உரப்பைக் கூட்டினால் அவ்வளவாக ஏறுவதில்லை. கார் கதவு மூடும் சத்தமும் வாக்குவம் கிளீனரின் இரைச்சலும் வாங்குபவரின் காதை உறுத்தாமல் இருக்க, பொறியாளர்கள் இன்று இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். கவிஞரின் சொல்லாக இருந்தது தொழிற்சாலையின் அளவையாகியிருக்கிறது. நூற்றுக்கணக்கானோரைக் கேட்கவைத்து எது எவ்வளவு ஷார்ப் என்று வினவினால் விடைகள் ஒத்துப்போகின்றன என்பதால்தான் இது முடிந்தது. ஆளுக்கு ஆள் மாறும் கற்பனையாக இருந்தால் அலகு உண்டாகியிருக்காது.

கண்ணுக்கு உண்மையிலேயே விளிம்புகள் உண்டு. அதனால் கத்திக்கும் காட்சிக்கும் நடுவே இடைவெளி குறைவு. உட்ரெக்ட் நகரக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்து அட்டைதான் இன்றும் கண் மருத்துவமனைச் சுவர்களில் தொங்குகிறது. அது அளப்பதற்கு ஆங்கிலத்தில் அக்யூட்டி என்று பெயர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எர்ன்ஸ்ட் மாக் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வெளிச்சம் படிப்படியாகக் குறையும் பரப்பில், உண்மையில் இல்லாத ஒளிக்கோடும் இருள்கோடும் மாற்றம் நிகழும் இடங்களில் தெரிகின்றன. கண் விளிம்பைத் தானாகவே கூராக்கிக்கொள்கிறது. குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்த ஹால்டன் ஹார்ட்லைன், பக்கத்து உணர்செல்கள் ஒன்றையொன்று அடக்குவதால் இது நடக்கிறது என்று காட்டினார். 1967 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

ஒளிப்படக்காரர்கள் இதே வித்தையை இருட்டறையில் செய்தார்கள். படத்தின் மங்கலான நகல் ஒன்றை எடுத்து மூலத்தோடு பொருத்தி, விளிம்பின் வெளுத்த பக்கத்தை இன்னும் வெளுக்கவும் கறுத்த பக்கத்தை இன்னும் கறுக்கவும் வைக்கும் முறை 1930களில் ஜெர்மனியில் புழக்கத்துக்கு வந்தது. இன்றைய கணினி மென்பொருளிலும் அதற்கு அன்ஷார்ப் மாஸ்க் என்றே பெயர். படத்தில் புதிய விவரம் எதுவும் சேர்வதில்லை. மாற்றம் செங்குத்தாகிறது, உடனே பார்ப்பவர் ஷார்ப் என்கிறார்.

இந்த இடத்தில் எல்லாம் கூடி வருகிறது. கண்ணுக்கு ஷார்ப் என்பது வெளிச்சத்தின் திடீர் மாற்றம். சட்டென்று உயரும் ஒலியையும் ஷார்ப் என்கிறோம். கத்தியின் விளிம்பில் விசை மிகச் சிறிய பரப்பில் குவிகிறது. சாலையின் ஷார்ப் வளைவில் திசை குறுகிய தூரத்தில் மாறுகிறது. விலைவாசி ஷார்ப்பாக ஏறியது என்று செய்தித்தாள் எழுதுவதும் இதையே. குறைந்த அளவுக்குள் மிகுந்த மாற்றம்: அரிஸ்டாட்டில் ஒலிக்குச் சொன்னதை எல்லாப் புலன்களுக்கும் விரித்தால் இந்தப் பெயரடையின் நடுப்பொருள் கிடைத்துவிடுகிறது. எந்த உறுப்பு என்று அது சொல்வதில்லை, எப்படித் தாக்குகிறது என்று சொல்கிறது.

இந்த முடிவுக்கு ஆய்வுலகில் துணை உண்டு. மரீனா ராக்கோவா 2003இல் எழுதிய நூலில், ஹாட், பிரைட், ஷார்ப் போன்ற சொற்களின் பல்புலப் பயன்பாட்டை உருவகம் என்று அழைப்பதே தவறு, அவை நேர்ப்பொருள்கள் என்று வாதிட்டார். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரீட்டா பாரடிஸ், மாட்ஸ் ஏக்-ஓலோஃப்சனுடன் சேர்ந்து ஒயின் விமர்சனங்களை ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டார். ஒரே விமர்சகர் ஒயினின் மணத்துக்கும் சுவைக்கும் வாயில் படும் உணர்வுக்கும் ஷார்ப் என்பதைத் தயக்கமின்றிப் போடுகிறார். ஒவ்வொரு முறையும் புதிய உருவகம் படைப்பதுபோலத் தெரியவில்லை. புலன்கள் வேறாக இருந்தாலும் கருத்து ஒன்றே என்பது அவர்கள் நிலைப்பாடு. எதிர்ச்சொற்கள் ஆறாகப் பிரிவதை இந்த அணி முழுமையாக விளக்கிவிட்டது என்று சொல்ல முடியாது. இசையின் ஷார்ப்பும் ஃபிளாட்டும் அதில் அடங்காமல் தனித்து நிற்கின்றன. மற்ற இடங்களில் இவர்கள் பக்கமே வலுவானது.

கூர்மையைக் காதும் கண்ணும் பகிர்ந்துகொள்கின்றன என்பதற்குச் சொல்லே தேவையில்லாத சான்று ஒன்றும் உண்டு. வுல்ஃப்காங் கோலர் 1929இல் முனைகள் நிறைந்த ஒரு வடிவத்தையும் உருண்டு திரண்ட ஒரு வடிவத்தையும் காட்டி, பொருளற்ற இரண்டு பெயர்களைப் பொருத்தச் சொன்னார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளரான வி.எஸ். ராமச்சந்திரன், எட்வர்ட் ஹப்பர்டுடன் சேர்ந்து 2001இல் இதையே பூபா, கிக்கி என்ற பெயர்களோடு மீண்டும் பேசவைத்தார். பெரும்பாலோர் முனைகள் கொண்டதைக் கிக்கி என்றார்கள். எல்லா மொழியினருக்கும் இது பொருந்துமா என்ற சந்தேகத்தை 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று எடுத்துக்கொண்டது. 25 மொழிகளைப் பேசும் 917 பேரிடம் சோதித்ததில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் எதிர்பார்த்தபடியே பொருத்தினார்கள். ருமேனியம், துருக்கியம், மாண்டரின் பேசியவர்களிடம் மட்டும் இந்தப் போக்கு தெளிவாகத் தெரியவில்லை. மனித இயல்பு என்று சொல்ல இது போதும், மாறா விதி என்று சொல்லப் போதாது.

புலனைத் தாண்டி ஆளுக்கு வரும்போது உருவகம் உண்மையிலேயே தொடங்குகிறது. சாலமன் ஆஷ் 1950களில் பொருளையும் மனிதரையும் ஒருசேர விவரிக்கும் பெயரடைகளை எபிரேயம், கிரேக்கம், சீனம், தாய், ஹவுசா, மலையாளம் முதலான தொடர்பில்லாத மொழிகளில் தேடினார். தேடிய இடமெல்லாம் அத்தகைய சொற்கள் இருந்தன. பொருள் மட்டும் மொழிக்கு மொழி கொஞ்சம் விலகியது. ஹாரியட் நெர்லவுடன் 1960இல் அவர் குழந்தைகளைச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மூன்று நான்கு வயதில் இனிப்பு என்றால் மிட்டாய்தான், மனிதருக்கு அந்தச் சொல் போவதைக் குழந்தை ஏற்பதில்லை. ஏழெட்டு வயதில் இரண்டும் தெரியும், தொடர்பு தெரியாது. பத்துப் பன்னிரண்டு வயதில்தான் ஏன் ஒரே சொல் என்று விளக்க முடிகிறது.

தமிழின் கூர் என்ற அடியும் மதிக்கும் விழிக்கும் செவிக்கும் சொல்லுக்கும் போகிறது. அதோடு அது இன்னொரு பக்கம் நெடுந்தூரம் போனது. தொல்காப்பிய உரியியல், கூர்ப்பு என்பதற்கு உள்ளது சிறத்தல் என்றே பொருள் தருகிறது. அன்புகூர்தல், நினைவுகூர்தல் என்பவற்றில் வெட்டும் விளிம்பு எதுவும் இல்லை, செறிவு மட்டும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அன்பு ஷார்ப்பாக இருக்க முடியாது. அறிவின் கூர்மைக்குக்கூட அங்கே சந்தேகத்தின் நிழல் விழுந்துவிடும். ஷார்ப் பிராக்டிஸ் என்றால் சட்டத்துக்குள் நின்று செய்யும் ஏமாற்று. சீட்டாட்ட மோசடிக்காரர் கார்டு ஷார்ப். கல்கத்தாவில் பிறந்த தாக்கரே, 1847 முதல் தொடராக வந்த ‘வேனிட்டி ஃபேர்’ நாவலில் புத்தியாலும் துணிச்சலாலும் ஏறிவரும் நாயகிக்கு பெக்கி ஷார்ப் என்று பெயர் வைத்தபோது ஆங்கில வாசகர்கள் இரண்டு பொருளையும் ஒருங்கே கேட்டிருப்பார்கள். நேரத்துக்கு வழங்கும் ஷார்ப் 19ஆம் நூற்றாண்டின் வரவு. நேர்த்தியான உடைக்கு வழங்குவது அதற்கும் பிந்தியது.

ஜப்பானில் இந்தப் பெயரடை பெயர்ச்சொல்லாகவே மாறியது. டோக்கியோவில் தோகுஜி ஹயகாவா 1915இல் உருவாக்கிய இயந்திரப் பென்சில், சீவாமலே எப்போதும் முனை தேயாதிருப்பதால் எவர்-ரெடி ஷார்ப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1923 நிலநடுக்கத்தில் எல்லாவற்றையும் இழந்து ஒசாகாவுக்குப் போனவர் வானொலிப் பெட்டி செய்யத் தொடங்கினார். நிறுவனத்துக்குப் பென்சிலின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. ஜப்பானிய மாணவர்கள் இன்றும் அத்தகைய பென்சிலை ஷாப்பென் என்றே அழைக்கிறார்கள்.

இந்தச் சொல்லின் பொருள் மிகவும் முக்கியமாகும் இடம் மருத்துவமனை. காலில் கல் இடித்தால் இரண்டு வலிகள் வரும்: முதலில் சுருக்கென்று ஒன்று, சற்றுப் பொறுத்து மெல்லப் பரவும் இன்னொன்று. முதலாவதைக் கொண்டுவருபவை கொழுப்புறை பூண்ட ஏ-டெல்டா இழைகள், நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். இரண்டாவது சி இழைகளின் வேலை, நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டருக்குள். ஷார்ப், டல் என்று நோயாளி சொல்லும் இரண்டு சொற்களுக்குப் பின்னால் இரண்டு வகை நரம்புகள் இருக்கின்றன. மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள் 20 குழுக்களாக இருக்கின்றன. அவற்றுள் ஒரு குழு ஷார்ப்பில் தொடங்கி, வெட்டுவது, கிழிப்பது என்று ஏறுகிறது. பிற மொழிகளுக்கு அதைக் கொண்டுபோனவர்கள் சொல்லுக்குச் சொல் மாற்றிப் பார்த்துத் தடுமாறினார்கள். பின்லாந்தில் 1981இல் வெளிவந்த பட்டியல் ஃபின்னிஷ் மொழியின் சொந்த வலிச் சொற்களைத் திரட்டியே உருவானது. தமிழிலும் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும். சுருக், விண்விண், கடுகடு, குத்தல், குடைச்சல் என்று இங்கே நோயாளிகள் சொல்லும் நுட்பம் ஷார்ப் என்ற ஒன்றில் அடங்காது.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களைச் சோதிக்கும் உலகளாவிய முறையிலும் இந்தச் சொல் இருக்கிறது. நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். மருத்துவர் ஊக்கின் முனையாலும் மழுங்கிய பக்கத்தாலும் மாற்றி மாற்றித் தொட்டு, ஷார்ப்பா டல்லா என்று கேட்பார். நம் மருத்துவமனைகளில், குத்துதா, சும்மா தொடுற மாதிரி இருக்கா என்று கேட்பார்கள். உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்கள். முகத்தில் தெரிவதுபோலவே தெரிந்தால் 2 மதிப்பெண், மாறித் தெரிந்தால் 1, முனையையும் மழுக்கத்தையும் பிரித்தறிய முடியாவிட்டால் 0. இரு பக்கமும் முழுதாக உணர்பவருக்கு மொத்தம் 112. எந்த எலும்புக் கணுவுக்குக் கீழே தண்டுவடம் செய்தி அனுப்பவில்லை என்பதை மருத்துவர் முடிவு செய்வதில், நோயாளி சொல்லும் இந்த ஒரு பெயரடைக்கும் பங்கு உண்டு.